தலைக் காயங்களைக் குறைக்க நோர்வே காட்டிய வழி

விளையாட்டில் தலையில் படும் அடியால் மூளை குலுங்கி, அதன் செயற்பாடு தற்காலிகமாகப் பாதிக்கப்படுவது மூளை அதிர்ச்சி எனப்படுகிறது. அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடையே இது பெரும் பிரச்சினையாக உருவெடுத்து, முன்னாள் வீரர்கள் தொடர்ந்த வழக்குகளில் 2015-ல் நீதிமன்றம் இழப்பீட்டு உடன்பாடு ஒன்றை அங்கீகரித்தது. தலைக்கவசம் அணியாத சாதாரண கால்பந்தாட்டத்தில் இந்த அபாயத்தைக் குறைக்க ஆட்ட விதிகளே உதவும் என்பதை எடுத்துக்காட்டிய நாடுகளில் நோர்வே முக்கியமானது.

ஆரம்ப எச்சரிக்கை

தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு 1981-ல் நோர்வே சட்டம் இயற்றித் தடை விதித்தது. மூளைக்கு ஏற்படக்கூடிய பாதிப்பே இதற்குக் கூறப்பட்ட முக்கியக் காரணம். 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் இத்தடையை நீக்கியது.

கால்பந்து குறித்த கவலையும் பழையதே. நோர்வே தேசிய அணியின் முன்னாள் வீரர்கள் 37 பேரைப் பரிசோதித்த மருத்துவர் ஆல்ஃப் டிஸ்வேர், அவர்களில் 81 சதவீதத்தினரிடம் நினைவாற்றல், கவனம் போன்றவற்றில் ஏதோவொரு அளவு குறைபாடு இருந்ததாக 1991-ல் தெரிவித்தார்.

முழங்கையே காரணம்

2000-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையத்தின் மருத்துவர்கள், காயம் எவ்வாறு நேர்கிறது என்ற கேள்வியை எழுப்பினர். நோர்வே, ஐஸ்லாந்து முதற்பிரிவு ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். தலையில் அடிபட்டு, ஆட்டம் நிறுத்தப்பட்டு, வீரர் 15 விநாடிகளுக்கு மேல் தரையில் கிடந்த 192 சம்பவங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. இவை அனைத்தும் மூளை அதிர்ச்சியில் முடிந்தவை அல்ல.

2004-ல் வெளியான முடிவுகளின்படி, 58 சதவீதச் சம்பவங்கள் இருவர் ஒரே பந்தைத் தலையால் முட்ட எழும்பியபோது நேர்ந்தன. 41 சதவீதத்தில் எதிராளியின் முழங்கை, கை அல்லது புயமே தலையைத் தாக்கியிருந்தது. இரு தலைகள் மோதியவை 32 சதவீதம். கையால் நேர்ந்த அடிகளில் வேண்டுமென்றே கொடுக்கப்பட்டவை சிறு பகுதியே. ஆனால் பெரும்பாலானவற்றில் வீரர் தனது கையைத் தோளுக்கு இணையாகவோ மேலாகவோ உயர்த்தியிருந்தார். ஆக, தற்செயல் என்று கருதப்பட்டவற்றில் பல, தவிர்க்கக்கூடியவை.

விதியில் மாற்றம்

இத்தகைய ஆய்வுகளைத் தொடர்ந்து, 2006-ல் தலையை நோக்கி வேண்டுமென்றே முழங்கையால் இடிப்பவரைச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்ற நடுவர்களுக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. 2011 பருவத்துக்கு முன்னர் நோர்வே கால்பந்துச் சங்கம் இதனை மேலும் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தியது. அந்த ஆண்டில் தலைக்கு அடிபடும் சம்பவங்களும், கை தலையில் படும் சம்பவங்களும் முந்தைய ஆண்டைவிடக் குறைந்ததாக ஒஸ்லோ ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எனினும் கால்களால் நிகழும் ஆபத்தான இடைமறிப்புகளில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை.

தீராத கேள்வி

முழங்கையைத் தண்டிக்கும் விதி, இரு தலைகள் மோதுவதைத் தடுக்காது. பல ஆண்டுகள் பந்தைத் தலையால் முட்டுவதன் விளைவையும் அது தொடுவதில்லை. அதனாலேயே பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் தலையால் பந்தை முட்டுவதை அமெரிக்கக் கால்பந்து நிர்வாகம் 2015-ல் தடை செய்தது. மூளை அதிர்ச்சி சந்தேகிக்கப்படும் வீரருக்குக் கூடுதல் மாற்று வீரரை இறக்கும் ஏற்பாடு 2021 முதல் பரிசோதிக்கப்பட்டு, 2024-ல் விதிகளில் இடம்பெற்றது.

அடிபட்ட வீரரை உடனே வெளியேற்றுவது இரண்டாவது அடியிலிருந்து அவரைக் காக்கும். முதல் அடியைத் தவிர்க்க, நடுவரின் கண்டிப்பு தேவை என்பதே நோர்வேயின் அனுபவம்.