வாயு அல்ல

கோவைப் பக்கம் பெண்ணுக்கு நெஞ்சு வலித்தால் 'வாயு' என்று சுக்குக் கஷாயம் கொடுப்போம். மாதவிலக்கு நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் இதயத்தைக் காக்கும் என்றும் நம்புகிறோம். அந்தக் காவலைச் சோதித்தவர்களுள் ஒருவர் மரபியலாளர் நொபுயோ மயேடா.

எலிகளுக்கு இயல்பாகத் தமனியில் கொழுப்பு படியாது. 1992இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் அவர் குழு ஏபோ-ஈ மரபணுவை நீக்கியதும், சாதாரணத் தீனியிலேயே படிந்தது. 2001இல், சூலகம் நீக்கிய அத்தகைய பெண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள், படிவு குறைந்தது. அந்த ஹார்மோனின் ஆல்ஃபா ஏற்பி இல்லாத எலிகளில் பாதுகாப்பு பெரிதும் மறைந்தது.

மறு ஆண்டே, மாதவிலக்கு நின்ற அமெரிக்கப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கொடுத்த பெரிய ஆய்வு நிறுத்தப்பட்டது: மார்பகப் புற்றும் மாரடைப்பும் கூடியிருந்தன. ஹார்மோன் காவல் தெய்வமல்ல. எந்த வயதிலும் நெஞ்சுவலி நெஞ்சுவலிதான்.

2007இல் எலி மரபணு மாற்றத்துக்காக நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஆலிவர் ஸ்மித்தீஸ், மயேடாவின் கணவர். என் மாணவிகளுக்கு இதைக் கடைசியில்தான் சொல்கிறேன்.