டப்பாவின் பெயர் ஏவிஐ

வீட்டில் பரணில் கிடக்கிற பழைய சிடிக்களை எடுத்துப் பாருங்கள். மச்சினன் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுருக்கித் தந்த கல்யாண வீடியோ ஒன்றாவது இருக்கும். ஏவிஐ ஃபைல். இன்றைக்குப் போட்டால் சத்தம் வரும், படம் வராது. செத்துப்போச்சு என்று டெலிட் செய்துவிடாதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு சண்டைக் கதை இருக்கிறது.

ஏவிஐ வெறும் டப்பா. 1992-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கினார்கள் என்பது டப்பாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. சுருக்கி விரிக்கும் மென்பொருளுக்கு கோடெக் என்று பெயர். சுருக்கிய முறை தெரிந்த பிளேயர்தான் விரிக்க முடியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மைக்ரோசாஃப்டிடம் ஒரு எம்பெக்-4 கோடெக் இருந்தது. அபாரமாகச் சுருக்கும். ஆனால், எங்கள் ஏஎஸ்எஃப் டப்பாவில் மட்டும்தான் போடலாம் என்று பூட்டிவிட்டார்கள். ஜெரோம் ரோட்டா என்கிற பிரெஞ்சுக்காரர் பூட்டை உடைத்தார். பிறந்தது டிவ்எக்ஸ்! அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி கடைக்காரர்கள் அதே பெயரில், 48 மணி நேரம் மட்டும் பார்க்கக்கூடிய டிஸ்க் விற்று, 1999-ல் கடையைக் கட்டினார்கள். அவர்களைக் கிண்டலடிக்கத்தான் அந்தப் பெயர். டிவிடியில் வந்த முழுப் படம் 700 எம்பி சிடிக்குள் அடங்கியது.

பிறகு ரோட்டா தரப்பு கம்பெனி ஆரம்பித்தது. 2001-ல் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டு, அதே வருடம் கதவைச் சாத்தியது. வெளியே இருந்து உழைத்தவர்களுக்குக் கோபம் வராதா? தனியே போனார்கள். பெயரையும் திருப்பிப் போட்டார்கள். எக்ஸ்விட்!

ஆக, டப்பா ஒன்று. உள்ளே கட்சிகள் பல. நம் கல்யாண வீடியோ நடுவில் மாட்டிக்கொண்டது.

தீர்வு பாரிஸிலிருந்து வந்தது. அங்கே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலை, 2001-ல் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. அதுதான் விஎல்சி. கோடெக்குகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும். முதலில் அதில் போட்டுப் பாருங்கள். ஓடுகிறது, ஆனால் நடுவில் தாவ முடியவில்லையா? ஏவிஐயின் அட்டவணை ஃபைலின் கடைசியில் இருக்கும். காப்பி பாதியில் நின்றிருந்தால் வால் போயிருக்கும். சரிசெய்யட்டுமா என்று விஎல்சியே கேட்கும். படம் கட்டம் கட்டமாகச் சிதறிச் சில விநாடியில் தெளிகிறதா? அந்த இடத்தில் மட்டும் சேதம். அடுத்த முழுப் படச் சட்டம் வந்ததும் சரியாகிவிடும்.

கோடெக் பிழைத்துவிட்டது. சிடிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இன்றைக்கே ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.