ஜெனோவா சேமிக்காத இலை

இத்தாலியின் வடமேற்குக் கரையில் இருக்கும் ஜெனோவா நகரத்தின் பேரை உலகச் சமையலறைகளுக்குக் கொண்டுபோன பண்டம் பெஸ்டோ. பேசில் இலை, பூண்டு, கல்லுப்பு, பைன் கொட்டை, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் இத்தனையையும் சலவைக்கல் உரலில் போட்டு மரக்குழவியால் நசுக்கி எடுக்கும் பச்சைத் துவையல் அது. அதன் பிறப்பைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கோடையில் தோட்டத்தில் மண்டிக் கிடக்கும் பேசிலைக் குளிர்காலத்துக்குப் பத்திரப்படுத்த அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த உபாயம்தான் பெஸ்டோவாம்; எண்ணெயில் மூழ்கிய இலை கெடாதாம்; அதையே ஜாடியில் அடைத்து மாலுமிகள் கடலுக்கும் கொண்டுபோனார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கைக்குக் கிடைக்கும் சான்றுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் கதை நிற்கவில்லை. பேசில் சேமிப்புக்கு மசியாத இலை. கிடைக்கிற காலத்தில், பறித்த கையோடு அதைத் தின்று தீர்க்கும் வழியாகவே பெஸ்டோ தோன்றியது என்பது என் வாதம். சேமிப்பு அதன் வரலாற்றில் மிகத் தாமதமாக வந்த விருந்தாளி.

பேசில் நமக்கு அந்நியச் செடி அல்ல. துளசிக்கு நெருங்கிய சொந்தம். திருநீற்றுப்பச்சிலை என்று நம் வீட்டு முற்றங்களில் வளர்வதும், ஃபலூடாவிலும் சர்பத்திலும் ஊறி வழுக்கும் சப்ஜா விதையைத் தருவதும் இதே இனம்தான். வெப்பமான ஆசிய நிலங்கள்தான் இதன் தாய்வீடு. நம் ஊரில் வேண்டும்போது கிள்ளிக்கொள்ளச் செடி இருந்ததால் இலையைப் பதப்படுத்தும் கேள்வியே பெரிதாக எழவில்லை. கடைக்குப் போனது காய்ந்த விதை. அது தானாகவே பல மாதம் நிற்கும். ஜெனோவாவின் நிலைமை வேறு. ஏறக்குறைய 44 பாகை வட அட்சரேகையில் இருக்கும் ஊர். ஓர் இரவு உறைபனி விழுந்தால் பேசில் செடி மறுநாள் காலையில் கருகித் தொங்கும். ஆக, ஆண்டில் பாதிக்கு மேல் இல்லாமல் போகும் ஓர் இலையை என்ன செய்வது என்ற கேள்வி அங்கேதான் உண்மையாக எழுந்தது.

அந்த இலை ஏன் மசியாது என்பதை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பேசிலின் மணம் இலைக்குள் ஆழத்தில் இல்லை. இலைப்பரப்பில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயாகத் தேங்கியிருக்கிறது. விரல் பட்டாலே உடைந்து மணம் எழுவது அதனால்தான். லினலூல் போன்ற அந்த எண்ணெய்கள் எளிதில் ஆவியாகிவிடும். வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தினால் தண்ணீரோடு மணத்தின் நல்ல பகுதியும் போய், வைக்கோல் வாசமடிக்கும் பொடி மிஞ்சும். நசுக்கி வைத்தால் காற்றுப் பட்டு, இலையிலுள்ள நொதிகள் வேலை செய்து கறுக்க வைக்கும். சரி, குளிரில் வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட முடிவுப்படி, பறித்த பேசில் 15 டிகிரி செல்சியஸில் சராசரியாக 12 நாள் தாக்குப்பிடித்தது. 5 டிகிரிக்கு இறக்கியபோது சில நாளிலேயே குளிர்க்காயம் பட்டுக் கெட்டது. மற்றக் கீரைகளைக் காப்பாற்றும் குளிர்சாதனப் பெட்டி இதைக் கொல்கிறது. காம்பைத் தண்ணீர்க் குவளையில் நிறுத்திச் சமையலறை மேடையில் வைக்கும் பழைய வழக்கம்தான் இன்னும் நல்லது. அதுவும் சில நாளுக்கு.

இனி ஏட்டுச் சான்றுக்கு வருவோம். பெஸ்டோவின் செய்முறை இன்று நாம் அறியும் வடிவில் அச்சேறியது 1863-இல், ஜொவான்னி பத்திஸ்தா ராத்தோ தொகுத்த ஜெனோவாச் சமையல் நூலில். அதில் பூண்டும் பேசிலும் வருகின்றன. பேசில் இல்லாதபோது மார்ஜோரமும் பார்ஸ்லியும் சேர்க்கலாம் என்ற குறிப்பும் கூடவே வருகிறது. என் வாதத்தின் அச்சாணி இந்தச் சின்னக் குறிப்புதான். கோடைப் பேசிலை ஜாடியில் அடைத்துக் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள்ளும் வழக்கம் வீட்டுக்கு வீடு இருந்திருந்தால், 'இல்லாதபோது' என்ற நிலையே வராது. 'ஜாடியிலிருந்து எடுத்துக்கொள்' என்றுதான் எழுதியிருப்பார். அவர் வேறு தழைக்குப் போகச் சொல்கிறார். செய்முறையின் மற்றப் பகுதிகளும் இதையே பேசுகின்றன. கொஞ்சம் வெண்ணெய் சேர்த்து நசுக்கி, எண்ணெய் விட்டுக் கரைத்து, கடைசியில் உப்பில்லாத வெந்நீர் ஊற்றித் தளர்த்தி லசாஞ்ஞாவிலோ உருண்டைப் பாஸ்தாவிலோ கலக்கச் சொல்கிறது அந்த நூல். வெண்ணெயும் வெந்நீரும் அன்றைய சாப்பாட்டுக்கானவை. பரணில் ஏற்றும் எந்தப் பண்டத்திலும் யாரும் அவற்றைச் சேர்ப்பதில்லை. இன்னும் பின்னால் போனால், வர்ஜிலின் பெயரில் வழங்கும் 'மோரெத்தும்' என்ற லத்தீன் கவிதையில் ஓர் ஏழை உழவன் விடியற்காலையில் பூண்டு, பாலாடைக்கட்டி, தழைகள், எண்ணெய், வினிகர் சேர்த்து உரலில் இடித்து, ரொட்டியோடு அன்றைக்கே எடுத்துக்கொண்டு உழப் போகிறான். அதில் பேசில் இல்லை. ஆனால் இடித்த கையோடு உண்ணும் மரபு அந்த மண்ணில் எவ்வளவு பழையது என்று தெரிகிறது.

ராத்தோவின் பட்டியலில் இன்னொரு வியப்பும் உண்டு. பார்மா பாலாடைக்கட்டியோடு டச்சுக்காரர்களின் பாலாடைக்கட்டியும் கேட்கிறார். இன்றைய பெஸ்டோப் பண்டிதர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குச் சர்தீனியாவின் ஆட்டுப்பால் கட்டிதான் வேதம். ஆனால் ஜெனோவா ஒரு துறைமுகம். வடகடலிலிருந்து வந்த கட்டியும், சர்தீனியாவிலிருந்து வந்த கட்டியும், கடலுப்பும், எண்ணெயும், பைன் கொட்டையும், பின்னித் தொங்கவிட்ட பூண்டும் அதன் சரக்கறைகளில் ஆண்டு முழுக்க இருந்தன. பெஸ்டோவில் சேரும் பண்டங்களில் பேசிலையும் அந்தச் சிறிது வெண்ணெயையும் தவிர எல்லாமே தாங்கும் பண்டங்கள், தூரத்திலிருந்து வரக்கூடியவை. பேசில் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் முளைக்க வேண்டும். தயாராக நிற்கும் சரக்கறை ஒரு பச்சை இலைக்காகக் காத்திருப்பதுதான் இந்தச் செய்முறையின் அமைப்பு.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். சமையல் நூல் எழுதியவர்கள் படித்த ஆண்கள். வீட்டுப் பெண்கள் ஜாடியில் என்ன போட்டு வைத்தார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏட்டில் இல்லாததால் வழக்கமே இல்லை என்றாகுமா? ஆகாதுதான். பேசில் இலையை உப்போடு அடுக்கடுக்காக ஜாடியில் வைத்து, மேலே எண்ணெய் ஊற்றி மூடும் முறை இத்தாலிய வீடுகளில் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படி வைத்த இலை கறுத்து, உப்பேறி, சூப்பில் ஒரு கிள்ளு போடத்தான் ஆகும். அது பெஸ்டோ அல்ல, பெஸ்டோவாக மாறவும் மாறாது. பெஸ்டோவையே எண்ணெய்க்கடியில் மாதக்கணக்கில் வைத்தார்கள் என்போருக்கு உயிரியல் குறுக்கே நிற்கிறது. பூண்டு மண்ணிலிருந்து வருவது. பொட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் மண்ணில் வாழ்பவை. அவற்றுக்கு வேண்டியது காற்றில்லாத, புளிப்புக் குறைந்த, ஓரளவு வெதுவெதுப்பான இடம். எண்ணெய்க்கடியில் கிடக்கும் பூண்டு அதற்கென்றே செய்து வைத்த வீடு. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், எண்ணெயில் ஊறி வெளியிலேயே வைக்கப்பட்டிருந்த நறுக்கிய பூண்டால் 36 பேர் இந்த நோய்க்கு ஆளானார்கள். 1989-இல் நியூயார்க் மாநிலத்திலும் இதே வகையில் சிலர் பாதிக்கப்பட்ட பிறகு, அமெரிக்க உணவுக் கட்டுப்பாட்டு அமைப்பு எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்த்தாக வேண்டும் என்றது. 'எங்கள் பாட்டி வைத்தாள், யாரும் சாகவில்லையே' என்ற பதில் உடனே வரும். பாட்டி வைத்தது உப்புக் கூடிய சிறு ஜாடி, குளிர்ந்த அறை, சில நாளில் தீர்ந்துபோகும் அளவு. அதைத் தாண்டி எண்ணெயை நம்பியிருந்தால் பாட்டியின் அதிர்ஷ்டம் பெரிது என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணெய் காற்றைத் தடுக்கும், கெடுவதைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் அந்தக் கதை வழுக்குகிறது.

மாலுமிக் கதையையும் இதே தராசில் போடலாம். ஜெனோவாவின் துறைமுகத்தில் கத்ராய் என்று ஒரு கூட்டத்தார் இருந்தனர். சிறு படகில் அடுப்பேற்றிக்கொண்டு, கரைக்கு வந்து நின்ற கப்பல்களைச் சுற்றிச் சூடான காய்கறிச் சூப் விற்றவர்கள். அந்த ஊர்க் காய்கறிச் சூப்பில் கடைசியாக ஒரு கரண்டி பெஸ்டோ கலப்பது வழக்கம். உலர்ந்த ரொட்டியும் உப்பு மீனும் தின்று அலுத்த வாய், கரையைக் கண்டதும் தேடியது பச்சையை. கப்பலிலேயே ஜாடி ஜாடியாகப் பச்சை இருந்திருந்தால் கத்ராய்களிடம் யார் வாங்கியிருப்பார்கள்?

தக்காளிப் புட்டியைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு, அது வலுவான மறுப்பு. தென்னித்தாலியில் ஆகஸ்ட் மாதம் வீடு கூடித் தக்காளிச் சாறு காய்ச்சிப் புட்டியில் அடைக்கும்போது, ஒவ்வொன்றிலும் ஓர் இலை பேசில் போடுகிறார்கள். சான் மர்சானோ டின்களிலும் அந்த இலையைப் பார்க்கலாம். பேசில் குளிர்காலத்தைத் தாண்டுகிறதே! தாண்டுகிறது. ஆனால் தாண்ட வைப்பது தக்காளியின் புளிப்பும், மூடிய புட்டியைக் கொதிநீரில் வேகவைக்கும் முறையும். அந்த முறையைப் பிரெஞ்சுக்காரர் நிக்கொலா அப்பேர் 1810-இல்தான் நூலாக வெளியிட்டார். புட்டியில் சேமிக்கப்பட்டது தக்காளி. இலை அதில் ஏறிக்கொண்ட பயணி; குளிர்காலத்தில் திறக்கும்போது மணத்தைச் சாற்றுக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையாகக் கிடக்கும். அதை எடுத்து யாரும் துவையல் அரைப்பதில்லை.

அப்படியானால் குளிர்காலப் பேசிலுக்கு ஜெனோவா கண்ட வழிதான் என்ன? இலையை நீட்டிக்க முயலாமல் செடியின் காலத்தை நீட்டித்தது. தொட்டிப் பேசில் இத்தாலிய வீடுகளில் மிகப் பழைய வழக்கம். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் பொக்காச்சியோ எழுதிய தெக்கமரோனில், மெசினா நகரத்துப் பெண் ஒருத்தி கொலையுண்ட காதலனின் தலையைப் பேசில் தொட்டியில் புதைத்து, கண்ணீர் விட்டு வளர்க்கிறாள். கதை கோரமானது, ஆனால் வீட்டில் ஒரு பேசில் தொட்டி இருப்பதை யாரும் விசித்திரமாக நினைக்க மாட்டார்கள் என்பதை வைத்தே அது நகர்கிறது. தொட்டியைக் குளிர்காலத்தில் உள்ளே தூக்கி வைக்கலாம். அதன் பெரிய வடிவம்தான் ஜெனோவாவின் மேற்குப் புறத்தில், பிரா பகுதியின் சரிவுகளில் படிப்படியாக ஏறும் கண்ணாடிக் கூடங்கள். 2005-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு பெற்ற 'ஜெனோவாப் பேசில்' விதிகள், கூடத்துக்குள் ஆண்டு முழுக்கப் பயிரிட இடம் தருகின்றன. சில ஜோடி இலை மட்டும் விட்ட இளஞ்செடியை வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். நூறு கிராம் இலைக்காக முழுச் செடிகளையே பிடுங்குவது நம் கண்ணுக்கு ஊதாரித்தனமாகத் தெரியலாம். வேரோடு இருந்தால் இலை இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடிருக்கும். முற்றிய இலையின் காட்டமான வாசமும் வராது. ஜனவரியிலும் பச்சை வேண்டுமென்று கண்ணாடிக்குள் சூடு கட்டிய ஊர், எண்ணெய் ஜாடியை நம்பவில்லை என்பதற்கு இதைவிடச் செலவு பிடித்த சாட்சி கிடையாது.

ஜாடிப் பெஸ்டோ கடைக்கு வந்தது உணவுத் தொழிற்சாலையின் காலத்தில். கெடாமலிருக்க அதற்குத் தர வேண்டிய விலை ஜாடியின் பின்புறச் சீட்டிலேயே இருக்கும்: லாக்டிக் அமிலம், சூடேற்றிக் கொல்லும் முறை, பல ஜாடிகளில் ஆலிவுக்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய், பைன் கொட்டைக்குப் பதில் முந்திரி. 2017-இல் ஜெனோவா விமான நிலையம், 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாதென்ற விதிக்கு விலக்களித்து, அரைக்கிலோ வரை பெஸ்டோவைக் கைப்பையில் கொண்டுபோக அனுமதித்தது. அதை வைத்துப் பெஸ்டோ எப்போதுமே பயண உணவு என்று சிலர் எழுதினார்கள். விமானத்தில் அது ஒன்றிரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. உண்மையில் சேமிப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தது உறைபெட்டிதான், அதுவும் ஒரு நிபந்தனையோடு. அமெரிக்கர்களுக்கு இத்தாலியச் சமையல் சொல்லிக்கொடுத்த மார்செல்லா ஹசான், பெஸ்டோவை உறைய வைப்பதானால் பாலாடைக்கட்டியையும் வெண்ணெயையும் சேர்க்காமல் வை, பனி இளகிய பிறகு கலந்துகொள் என்று எழுதினார். ராத்தோவின் சமையலறையில் கட்டி காத்திருந்தது, இலை அன்றன்று வந்தது. ஹசானின் உறைபெட்டியில் இலை காத்திருக்கிறது, கட்டியை அன்றன்று துருவிக்கொள்கிறோம்.