ஈ கட்டிய விரல்கள்

1854ஆம் ஆண்டு மே மாதம், ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் ஓடும் ட்வீட் ஆற்றில் வில்லியம் கிரீன்வெல் என்ற பாதிரியார் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ட்ரவுட் மீன்கள் மேலே வந்து ஏதோ ஒரு பூச்சியை விழுங்கியபடி இருந்தன. அவருடைய தூண்டிலை மட்டும் சீண்டவில்லை. பறந்த பூச்சிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுபோய், ஸ்ப்ரௌஸ்டன் என்ற ஊரில் தூண்டில் ஈ கட்டிப் பிழைத்த ஜேம்ஸ் ரைட்டிடம் கொடுத்தார். இதைப்போல ஒன்று கட்டித் தா என்றார். மறுநாள் கூடை நிறைய மீன். அந்த ஈக்கு ‘கிரீன்வெல்ஸ் குளோரி’ என்று பெயராயிற்று. கிரீன்வெல்லின் மகிமை! இன்றும் அந்தப் பெயரில்தான் அது விற்கிறது. கட்டிய ரைட்டின் பெயர் தூண்டில் நூல்களில் ஒரு வரியாகக் கிடக்கிறது. பெட்டியின் மேல் இருப்பது ஐயாவின் பெயர்.

கிரீன்வெல் டர்ஹம் பேராலயத்தில் கேனன் பதவி வகித்தவர். எங்கள் நாசரேத்தில் கேனன் என்றால் ஒருவர்தான், ஆர்தர் மர்காஷிஸ். ஊரில் பள்ளிக்கூடமே அவர் பெயரில் இருக்கிறது. அதில் எனக்கு வழக்கில்லை. ஒரு பொருளுக்குப் பெயர் வரும்போது யார் பெயர் வருகிறது, யார் கை மறைகிறது என்ற கேள்வி மட்டும் எனக்கு விடாமல் உண்டு. தூண்டில் ஈயின் வரலாற்றை நான் படிக்கப் புகுந்ததும் அந்தக் கேள்வியோடுதான்.

முதலில் அந்தப் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரையில் தூண்டில் என்றால் முள்ளில் இரை கோப்பது. இரை இல்லாமல் இறகுத் துணுக்கையோ மினுங்கும் இழையையோ முள்ளில் கட்டி ஏமாற்றிப் பிடிப்பதும் தென்கடற்கரைத் தூண்டில்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஆங்கிலேயர் ஃப்ளை என்று சொல்வது அந்த ஏமாற்றின் மிக நுணுக்கமான வடிவம். நூலும் இறகும் கொண்டு முள்ளின் மேல் ஒரு பூச்சியைக் கட்டிவிடுவது. நீரின் மேல் மிதப்பது ஒரு வகை. அதற்கு மூத்தது வெட் ஃப்ளை, நீருக்குள் அமிழும் ஈ. கிரீன்வெல்லின் ஈ இந்த மூத்த வகையைச் சேர்ந்தது.

அதைக் கட்டும் முறை இது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய முள்ளைக் கவ்வியில் இறுக்குகிறார்கள். மஞ்சள் பட்டு நூலில், செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் கறுத்த மெழுகைத் தேய்க்கிறார்கள். மஞ்சள் மங்கிப் பாசி நிறத்துக்கு வருகிறது. பூச்சியின் வயிற்று நிறம் அதுதான். நூலை முள்ளின் கண்ணருகே தொடங்கி, ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறாமல், இடைவெளியும் விழாமல், வளைவு வரை கொண்டுபோக வேண்டும். அங்கே மெல்லிய பொன்னிறக் கம்பியைச் சேர்த்துக் கட்டி, நூலோடு தலைப்பக்கம் திரும்பி, கம்பியை அகலச் சுற்றினால் பூச்சி உடலின் வரிகள் வந்துவிடும். பிறகு சேவலின் கழுத்திறகு. நடுவில் கறுப்பும் ஓரத்தில் செம்மையும் ஓடிய இறகு வேண்டும். இரண்டே சுற்று, மூன்றானால் அடர்த்தி கூடி ஈ மூழ்காது. சிறகுக்கு, ரைட் கட்டியதில், கரும்பறவை ஒன்றின் இறக்கைத் துண்டு. கடைசியில் தலையில் நூலை அதன் மேலேயே சுருக்கிட்டு இழுத்து முனையை உள்ளே புதைத்துவிடுகிறார்கள். முடிச்சு வெளியே தெரியாது.

ஆற்றில் போடுவதற்கும் பொறுமை வேண்டும். குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி எறிந்து, கயிற்றை நீரோட்டத்திடம் விட்டுவிடுகிறார்கள். ஈ அமிழ்ந்து, வில்லாக வளைந்து கரைப்பக்கம் வருகிறது. வளைவு முடியும் இடத்தில் கயிறு இறுகும்போது அது மேலே எழும்புகிறது. நீருக்கடியில் புழுவாக மாதக்கணக்கில் வாழ்ந்த பூச்சி சிறகு விரிக்க மேலே வருகிற கணம் அது. சிறகு முளைத்தபின் நம் ஈசலைப் போல அதற்கு ஒரு நாள்தான் ஆயுள். மீன் பெரும்பாலும் அந்த எழும்பலில்தான் வந்து கவ்வும். ஆகவே கட்டுகிறவருக்குப் பூச்சியின் பிறப்பும், தண்ணீரின் இழுப்பும், ஒவ்வோர் இறகும் நனைந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கைவேலை என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகிறவரை ஒரு நாள் கவ்வியின் முன் உட்கார வைக்க வேண்டும்!

இதில் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சங்கப் பாடம் நடத்தும்போது முல்லைத் திணையின் கருப்பொருள்களில் பறவை எது என்று கேட்டால், மாணவிகள் கண்ணை மூடிக்கொண்டு காட்டுக்கோழி என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்திறகில் அரக்கு வைத்ததுபோல மஞ்சளும் வெண்மையுமான புள்ளிகள் உண்டு. நீரில் அவை மீன்குஞ்சின் கண்போல் மின்னும். விக்டோரியா காலத்தில், சால்மன் மீனுக்கான பகட்டான அமிழும் ஈக்களுக்கு அந்த இறகில்லாமல் ஆகாது என்ற நிலை வந்தது. தோலும் இறகுமாகக் கப்பலேறின. 1902இல் பறவைத் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்ய பிரிட்டிஷ் இந்திய அரசு தடை விதித்தது. அந்தத் தடைக்குப் பெரிய காரணம் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பி இறகு வணிகம். பறவைகள் அழிந்ததற்குப் பெண்ணின் அலங்கார மோகமே காரணம் என்று அன்று கண்டித்து எழுதினார்கள். கனவான்களின் தூண்டில் பெட்டியும் இறகில்தான் நிறைந்திருந்தது. அதன்மேல் அத்தனை கண்டனம் பாயவில்லை.

இறகு மலையிறங்கிப் போன அதே காலத்தில் ட்ரவுட் மலையேறியது. நீலகிரி ஓடைகளில் தங்களுக்குப் பழக்கமான மீன் இல்லையே என்ற ஏக்கம் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு. 1860களில் பிரான்சிஸ் டே முயன்று பார்த்தார், கைகூடவில்லை. 1879இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்க ஒரு சட்டமே வந்தது. காப்பது என்றால் வேட்டைக்காரத் துரைமாருக்காகக் காப்பது. பிறகு எச். சி. வில்சன் வானவில் ட்ரவுட்டை வெற்றிகரமாக வளர்த்தார். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டது.

இந்த ஈக்களைக் கட்டியவர்கள் யார்? ரைட்டைப் போன்ற ஆண்கள் ஆற்றங்கரை ஊர்களில் இருந்தார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தூண்டில் ஒரு தொழிற்சாலைச் சரக்கானபோது கவ்வியின் முன் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஊசிக்குப் பேர்போன ரெடிட்ச் நகரம் தூண்டில் முள்ளுக்கும் பேர்போனது. அங்கேயும், அல்ன்விக் நகரில் 1872இல் தொடங்கிய ஹார்டி நிறுவனத்திலும் வரிசையாக உட்கார்ந்து கட்டியவர்கள் பெண்கள். அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தின் மான்செஸ்டர் ஊரில், தந்தை ஆர்விஸின் நிறுவனத்தில் ஈ கட்டும் பிரிவை மேரி ஆர்விஸ் மார்பரி நடத்தினார்; அவருக்குக் கீழே வேலை செய்தவர்களும் பெண்களே. ஒரே ஈயை ஊருக்கு ஒரு விதமாகக் கட்டி ஒரே பெயரில் விற்ற குழப்பத்தை எதிர்கொண்டு, நாடெங்குமிருந்து தூண்டில்காரர்களின் கடிதங்களைத் திரட்டி, வண்ணப் படங்களோடு 1892இல் அவர் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். எது எந்த ஈ என்று அந்நாட்டு ஆண்கள் அடையாளம் கண்டது ஒரு பெண்ணின் நூலைப் பார்த்துத்தான்.

இன்னும் பின்னே போனால் ஒரு சிக்கல் வருகிறது. ஆங்கிலத்தில் அச்சான முதல் தூண்டில் நூல் 1496இல் வெளிவந்தது. பன்னிரண்டு ஈக்களுக்குக் கட்டும் முறை அதில் உண்டு. எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற மடத்துத் தலைவி என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆதாரம் வலுவாக இல்லை. வேட்டை பற்றிய வேறொரு பகுதியில் இருந்த பெயரைப் பிற்காலத்தார் இதற்கும் ஏற்றிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. நம் ஔவையார் கதை நேர்மாறு. வெவ்வேறு நூற்றாண்டுகளில் எழுதிய பெண்களை ஒரே கிழவியாக்கி வைத்திருக்கிறோம். ஜூலியானாவுக்காக வாதாட எனக்கு மனமில்லை. இல்லாத ஒரு மூதாட்டியை நிறுத்துவதைவிட, இருந்த பெண்களை எண்ணுவது மேல்.

எண்ணப் போனால் உடனே ஒரு சொல் குறுக்கே வருகிறது: பெண்களின் விரல் மென்மையானது, நுட்பமானது, இந்த வேலைக்கென்றே படைக்கப்பட்டது என்ற பாராட்டு. 1981இல் டயேன் எல்சன், ரூத் பியர்சன் இருவரும் எழுதிய கட்டுரை இந்தப் பாராட்டைப் பிரித்துப் போட்டது. அந்த நுட்பம் பிறப்பில் வந்ததல்ல. சிறுவயது முதல் வீட்டில் தைத்தும் பின்னியும் பெற்ற பயிற்சி. வீட்டுக்குள் கற்றதால் அது பயிற்சியாகக் கணக்கில் வராது. இயல்பு என்று பெயர் சூட்டிவிட்டால் கூலியைக் குறைத்துவிடலாம். அவர்கள் எழுதியது மின்னணு, ஆடைத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி. இன்று கென்யாவிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் ஏற்றுமதிக்காக ஈ கட்டும் பெண்களுக்கும் அது பொருந்தும். அவர்களில் பலர் ட்ரவுட் மீனை எதற்குப் பார்த்திருக்கப் போகிறார்கள்?

எங்கள் வட்டாரத்துக்கு இது புதிய செய்தி அல்ல. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து, இடையன்குடிக்கு அந்த வேலையைக் கொண்டுவந்தார். மால்ட், கால்டுவெல் என்ற பெயர்கள் நமக்குத் தெரியும். கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு நூலில் பூ எடுத்த பெண்களின் பெயர்கள் தெரியாது. அந்தக் காசில் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அவர்களுக்குள் இருந்ததாகச் சொல்வார்கள். அப்படியானால் அந்த லேஸ் ஒவ்வொரு முழமும் ஒரு விடுதலைப் பத்திரம். யாரோ ஒரு சீமாட்டியின் கழுத்துப்பட்டியில் அது தேய்ந்து போயிருக்கும்.

பீடி இன்னும் கிட்டே. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் சுற்றிக் கட்டும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு, கவ்வியின் முன் உட்கார்ந்த ரெடிட்ச் பெண்ணைக் கற்பனை செய்வது கடினமல்ல. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலை சரியில்லை, கட்டு தளர்ந்தது என்று கழிவு. 1966ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்று ஏற்றது. ஆனால், என்ன செய்கிறாய் என்று கேட்டால், “சும்மா வீட்லதான் இருக்கேன், பீடி சுத்துறேன்” என்றுதான் இன்றும் பதில் வரும். அந்தச் ‘சும்மா’வைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

கட்டிய கைக்கே பெயர் கிடைத்த கதையும் ஒன்று உண்டு. மேகன் பாய்ட் 1915இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், ப்ரோரா ஊருக்கு அருகே, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத குடிசையில் தனியாக வாழ்ந்து சால்மன் ஈ கட்டினார். சிறுமியாக இருந்தபோது ஓர் ஆற்றுக் காவலரிடம் கற்ற வித்தை. பழைய ஈக்களைப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதேபோல் திரும்பக் கட்டிப் பழகினார். இளவரசர் சார்லஸ் வரை வாடிக்கையாளர்கள். இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் தூண்டில் போட்டதில்லை. மீனைக் கொல்ல மனம் வரவில்லை. 1971இல் அவருக்கு அரச விருது அறிவித்தார்கள். அன்று நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லி அரண்மனைக்குப் போகவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அவர் உருவாக்கிய ஈ ஒன்று இருக்கிறது. நீலமும் கறுப்பும் கலந்தது. கோடையில் ஆறு வற்றி, மீன் எதையும் சீண்டாத நாட்களுக்கென்று கட்டியது. கடையில் அதன் பெயர் ‘மேகன் பாய்ட்’. பல பத்தாண்டுகள் அந்தச் சன்னலோரம் குனிந்து கட்டியதில் கண் மங்கி 1980களில் வேலையை நிறுத்தினார், 2001இல் இறந்தார்.