நிவாரணம் உரிமையான கதை: ராஜஸ்தானின் பஞ்ச எதிர்ப்புக் கூட்டமைப்பு

ராஜஸ்தானின் பேச்சுவழக்கில் பஞ்சத்துக்கு ஒரே பெயர் இல்லை. தானியம் விளையாது போனால் அன்னகால், குடிநீர் வற்றினால் ஜல்கால், கால்நடைகளுக்குத் தீவனம் அற்றுப்போனால் திரிணகால். மூன்றும் ஒருசேர வந்தால் திரிகால். தமிழ்நாட்டில் 1876–78 பஞ்சம் 'தாது வருஷப் பஞ்சம்' என்று நினைவில் நின்றதைப் போலவே, 1899–1900 பஞ்சம் அங்கே விக்கிரம ஆண்டு 1956-ஐக் குறித்துச் 'சப்பனியா', அதாவது ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம், என நிலைபெற்றது. இப்பெயர்கள் அனைத்தும் பற்றாக்குறையின் பெயர்கள். 2001-இல் நேர்ந்ததைச் சொல்ல இவற்றுள் எதுவும் போதவில்லை.

அவ்வாண்டு ராஜஸ்தான் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக வறட்சியில் சிக்கியிருந்தது. அதே வேளையில் நாட்டின் அரசுக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கும் மேற்பட்ட தானியம் குவிந்திருந்தது. ஜெய்ப்பூருக்கு அருகே இந்திய உணவுக் கழகக் கிடங்கில் இடமின்றி வெளியே அடுக்கப்பட்ட மூட்டைகள் மழையில் நனைந்து அழுகின. அதே மாநிலத்தின் சிற்றூர்களில் மக்கள் ஒருவேளை உணவோடு நாளைக் கழித்தனர். இம்முரணை முன்னிறுத்தி, ஏறத்தாழ ஐம்பது அமைப்புகள் 'அகால் சங்கர்ஷ் சமிதி' என்ற பெயரில் ஒன்றிணைந்தன. பஞ்ச எதிர்ப்புப் போராட்டக் குழு என்பது அதன் பொருள்.

இக்கூட்டமைப்பு சோறு வழங்கும் அறநிலையமாகத் தன்னைக் கருதவில்லை. அதன் வேலைமுறைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1990-இல் ராஜஸ்தானில் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், நிவாரணப் பணிகளின் வருகைப் பதிவேடுகளை ஊர் நடுவே உரக்கப் படித்துக் காட்டும் 'ஜன் சுன்வாய்' என்னும் மக்கள் விசாரணையை 1994 முதல் நடத்தியது. இறந்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது இவ்வாறே வெளிப்பட்டது. 2000-இல் ராஜஸ்தான் தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியதற்குப் பின்னால் இவ்வுழைப்பு இருந்தது. பசியை எதிர்க்க முதலில் கணக்கைக் கேட்க வேண்டும் என்னும் பாடத்தைக் கூட்டமைப்பு இங்கிருந்தே பெற்றது.

இரண்டாவது கருவி சட்டம். 1876–78 பேரழிவை அடுத்து அமைந்த 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையம் பஞ்ச விதித்தொகுப்புகளுக்கு வித்திட்டது. அம்மரபில் வந்ததே ராஜஸ்தானின் 1962 பஞ்ச விதித்தொகுப்பு. நிவாரண வேலை, கூலி, ஆதரவற்றோர்க்கு உணவு என அதிகாரிகளின் கடமைகளை அது வரையறுத்தது; ஆனால் பசித்தவருக்கு எவ்வுரிமையையும் அது நேரடியாக வழங்கவில்லை. 2001 ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் ராஜஸ்தான் கிளை உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது, இவ்விதித்தொகுப்பைச் செயற்படுத்துமாறு கோரியதோடு, உணவு இன்றி அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமை பொருளற்றது என்றும் வாதிட்டது. ஆறு மாநிலங்களைச் சுட்டித் தொடங்கிய வழக்கு விரைவில் நாடு தழுவியதாயிற்று.

2001 நவம்பர் 28 அன்று நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை எட்டுத் திட்டங்களின் தன்மையையே மாற்றியது. பொது விநியோகம், அந்தியோதயா, பள்ளி மதிய உணவு, அங்கன்வாடி, முதியோர் ஓய்வூதியம் முதலியவை அரசு விரும்பினால் குறைக்கக்கூடிய சலுகைகளாக அல்லாமல், சட்டப்படி கோரக்கூடிய உரிமைகளாயின. 'ராஹத்' என்ற சொல் இருந்த இடத்தில் 'ஹக்' வந்தது. முன்னது நிவாரணம், கொடுப்பவரை எழுவாயாகக் கொள்வது. பின்னது உரிமை, பெறுபவரை எழுவாயாக்குவது. ஆணையை மாநில மொழிகளில் பெயர்த்து ஒவ்வொரு ஊராட்சியிலும் பள்ளியிலும் நியாய விலைக் கடையிலும் பார்வைக்கு வைக்க வேண்டும் எனவும் நீதிமன்றம் பணித்தது.

ஆணை தானே அடுப்பேற்றிவிடவில்லை. அதுவரை பெரும்பாலான மாநிலங்கள் மதிய உணவு என்ற பெயரில் மாதம் 3 கிலோ தானியத்தையே வழங்கின. தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டம் போன்ற முன்மாதிரிகள் இருந்தும், சமைத்த உணவுக்குப் பணமில்லை என்பதே வாதமாக இருந்தது. 2002 ஏப்ரல் 9 அன்று உணவு உரிமை இயக்கத்தினர் பல மாநிலங்களில் மதிய உணவுக்கான போராட்ட நாளைக் கடைப்பிடித்தனர். அவ்வாண்டு ஜூலையில் ராஜஸ்தான் பள்ளிகளில் சமைத்த உணவு தொடங்கியது: கோதுமையை வெல்லத்தோடு வேகவைத்த 'கூக்ரி'. நாள்தோறும் அதே உணவு என்பதால் குழந்தைகள் சலித்தனர். ஆயினும் பள்ளியில் சேரும் சிறுமியரின் எண்ணிக்கை உயர்ந்ததை அக்காலக் கள ஆய்வுகள் பதிவு செய்தன.

இவ்வெற்றியின் எல்லையும் அதே ஆண்டில், அதே மாநிலத்தில் தெரிந்தது. 2002-இல் பாரன் மாவட்டத்தின் சஹாரியா பழங்குடியினரிடையே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. உரிமை காகிதத்தில் இருந்தது. கடையில் தானியம் இல்லை, ஊரில் வேலை இல்லை. எனவே கோரிக்கை உணவிலிருந்து வேலைக்கும் விரிந்தது. 2005இன் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு வழிவகுத்த போராட்டங்களில் ராஜஸ்தான் அமைப்புகள் முன்னின்றன. ஊர்ச் சபை நடத்தும் சமூகத் தணிக்கை அச்சட்டத்தில் இடம்பெற்றது, மக்கள் விசாரணைகளின் நேரடித் தொடர்ச்சியாகும்.

2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களில் 75 விழுக்காட்டினருக்கும் நகர மக்களில் 50 விழுக்காட்டினருக்கும் மாதம் தலைக்கு 5 கிலோ தானியத்தை உறுதி செய்தது. ஆனால் பயனாளிகளின் எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் வரையறுக்கப்பட்டது. அதற்குப் பின் பெருகிய மக்கள்தொகைக்கு அவ்வரம்பில் இடமில்லை. அன்று வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்களின் பெயர்கள் இருந்தன. இன்று குடும்ப அட்டையில் இருப்பவர்களின் பெயர்கள் விடுபடுகின்றன. பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படிக்கும் அந்தப் பழைய வேலை இன்னும் முடியவில்லை.