பெட்டியைத் திறந்தது யார்? ஸ்டேபிள்காயினுக்கு முன்னாடி ஒரு பழைய கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு நேரா ஒரு பேங்க்குக்குள்ள போயிடலாம். இடம் அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலம். வருஷம் 1838 வாக்குல. காட்டை வெட்டி, அப்பதான் ஊர்னு ஒண்ணு உருவாகிட்டிருக்கிற பகுதி. மாநில அரசு அனுப்பின பேங்க் கமிஷனர்கள் சோதனைக்கு வந்திருக்காங்க.

கவுன்ட்டருக்குக் கீழ 9 பெட்டி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் 1,000 டாலர் இருக்குன்னு காசாளர் சொல்றார். அவரே ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தும் காட்டறார். உள்ள முழுக்க வெள்ளி அரை டாலர் நாணயங்கள். எல்லாம் சரியா இருக்கு.

அப்புறம் ஒரு கமிஷனர், "இதைத் திறங்க"ன்னு தானா ஒரு பெட்டியைக் காட்டறார். திறந்தா, மேல ஒரு அடுக்குதான் வெள்ளி. அதுக்குக் கீழ ஈயமும் ஆணியும். மீதி 7 பெட்டியையும் திறக்கறாங்க. எல்லாத்துலயும் இதே கதை. ஒரே ஒரு வித்தியாசம், ஒரு பெட்டியில ஆணிக்குப் பதிலா உடைஞ்ச ஜன்னல் கண்ணாடி.

இந்தச் சம்பவம் அந்தக் கமிஷனர்களோட அறிக்கையிலேயே பதிவாகியிருக்கு. இதுல எனக்கு முக்கியமாப் படறது ஆணி இல்லை. முதல் பெட்டியைக் காசாளர் தேர்ந்தெடுத்தார், ரெண்டாவதைக் கமிஷனர் தேர்ந்தெடுத்தார். உண்மை வெளிய வந்தது அந்த ஒரு மாற்றத்துலதான். இன்னிக்குப் பேசப்போற ஸ்டேபிள்காயின் விஷயத்துக்கும் இதுதான் சாவி.

ஒரு டாலர், ஒரு டோக்கன்

ஸ்டேபிள்காயின்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். பிட்காயின் விலை ஏறும், இறங்கும். ஸ்டேபிள்காயின் அப்படி ஆடக்கூடாது, எப்பவும் ஒரு டாலர் மதிப்புல நிக்கணும். அதுக்காக வெளியிடற கம்பெனி ஒரு வாக்குறுதி கொடுக்குது: "நாங்க விடற ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு டாலர் எங்க கையிருப்புல இருக்கு. டோக்கனைக் கொடுத்தா டாலரைக் கொடுப்போம்." இதுல ரொம்பப் பெரிசு டெதர் கம்பெனியோட யூஎஸ்டிடி. அடுத்தது சர்க்கிள் கம்பெனியோட யூஎஸ்டிசி.

எனக்குத் தெரிஞ்ச டிசைனர் ஒருத்தர் கோயம்புத்தூர்ல உட்கார்ந்து வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு வேலை செய்யறார். சம்பளத்துல ஒரு பகுதி அவருக்கு யூஎஸ்டிடியா வருது. "மாத்தாம அப்படியே வெச்சிருக்கலாமா? டாலர்தானே?"ன்னு கேட்டார். ஆறு மாச உழைப்பு அந்த வாலட்ல கிடக்கு. அந்த "டாலர்தானே?"ங்கிற கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியலை. அதனாலதான் இந்த எபிசோட்.

காட்டுப்பூனை பேங்க்குகள்

மிச்சிகன் 1837 ஜனவரியில அமெரிக்காவோட ஒரு மாநிலமாச்சு. மார்ச்சுல ஒரு சட்டம் போட்டாங்க: விதிமுறைக்கு உட்பட்டு யார் வேணும்னாலும் பேங்க் ஆரம்பிக்கலாம், சொந்தமா நோட்டு அடிக்கலாம். ஆமா, அந்தக் காலத்துல அமெரிக்காவுல புழங்கின நோட்டுல பெரும்பகுதி தனியார் பேங்க் அடிச்சதுதான். நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தா தங்கமோ வெள்ளியோ தருவோம்னு வாக்குறுதி. பேரை மாத்திப் பாருங்க, அதுதான் ஸ்டேபிள்காயின்.

சட்டம் பார்க்கப் பத்திரமாதான் இருந்தது. மூலதனத்துல 30% நாணயமா உள்ள வந்த பிறகுதான் பேங்க் திறக்கணும். மேற்பார்வைக்குக் கமிஷனர்களும் உண்டு. ஆனா அதே வருஷம் மே மாசம் நாடு முழுக்கப் பணநெருக்கடி. நோட்டுக்கு நாணயம் கொடுக்கறதைப் பேங்க்குகள் தற்காலிகமா நிறுத்திக்க மிச்சிகன் அனுமதிச்சது. புதுசா பேங்க் ஆரம்பிக்கறதை மட்டும் நிறுத்தலை. அதாவது, நோட்டு அடிக்கலாம், கேட்டா நாணயம் கொடுக்க வேண்டாம். இதைவிட நல்ல வியாபாரம் எங்க கிடைக்கும்?

பேங்க்குகள் மளமளன்னு முளைச்சது. சில பேங்க், ஆள் போகவே கஷ்டப்படற இடத்துல. காட்டுப்பூனை மட்டுமே திரியற இடம்னு கிண்டலா "வைல்ட்கேட் பேங்க்"னு பேர் வந்ததா சொல்வாங்க. அதுல ஒரு ஊர் பேர் சிங்கப்பூர். நமக்குத் தெரிஞ்ச சிங்கப்பூர் இல்லை, மிச்சிகன் ஏரிக்கரையில அந்தப் பேர்ல ஒரு ஊர் இருந்தது. அங்கயும் ஒரு பேங்க் நோட்டு விட்டுச்சு. அந்த ஊரே அப்புறம் மணலுக்கு அடியில போயிடுச்சு.

கமிஷனர்கள்ல ஒருத்தர் ஆல்ஃபியஸ் ஃபெல்ச். பின்னாடி அந்த மாநிலத்துக்கே கவர்னர் ஆனவர். அவர் எழுதி வெச்சதைப் படிச்சா சிரிப்பும் வரும், வயிறும் எரியும். ஒரு பேங்க்கைச் சோதிச்சுட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினா, அவருக்கு முன்னாடி அதே நாணயங்கள் அங்க போய்ச் சேர்ந்திருக்கும். ஒரே வெள்ளி, பல பேங்க்குக்குக் கையிருப்பு. ஒவ்வொரு பேங்க்கும் சோதனை நாளன்னிக்கு ஒழுங்கு. மறுநாள் காலி.

ரெண்டு மூணு வருஷத்துல பெரும்பாலான பேங்க் மூடியாச்சு. செல்லாத நோட்டு சுமார் 10 லட்சம் டாலருக்கு ஜனங்க கையில கிடக்குன்னு கமிஷனர்கள் மதிப்பிட்டாங்க. கோதுமை வித்தவன், மரம் அறுத்தவன், கூலி வாங்கினவன், அவங்க கையில.

சோதிக்கறவரே கடன்காரர்

இன்னும் கொஞ்சம் பின்னாடி போகலாம். ஆம்ஸ்டர்டாம் பேங்க், 1609-ல ஆரம்பிச்சது. நாணயத்தைக் கொண்டுபோய் வெச்சா உங்க கணக்குல அதுக்கு ஈடா வரவு வைப்பாங்க, வியாபாரிகள் அந்தக் கணக்குப் பணத்தை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கலாம். ஐரோப்பாவே நம்பின பேங்க். 1776-ல ஆடம் ஸ்மித் தன்னோட புகழ்பெற்ற புத்தகத்துல இதைப் பத்தி எழுதறார். வருஷாவருஷம் மாறி வர்ற நகர நிர்வாகிகள் கஜானாவை நேர்ல பார்த்து, கணக்கோட ஒப்பிட்டு, சத்தியம் பண்ணி ஏத்துக்கறாங்க, அதனால ஒவ்வொரு காசுக்கும் ஈடு உள்ள இருக்குன்னு நம்பறார்.

ஆனா அந்த பேங்க் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ரொம்ப நாளா சத்தமில்லாமக் கடன் கொடுத்துட்டு வந்தது. 1780-ல இங்கிலாந்தோட போர் வந்ததும் கம்பெனிக்குக் கழுத்தளவு தண்ணி. நம்ம நாகப்பட்டினம் டச்சுக்காரங்க கையை விட்டு 1781-ல இங்கிலீஷ்காரங்க கைக்குப் போனது இதே போர்லதான். கப்பல் வரலை, வருமானம் வரலை, பேங்க்குலேருந்து கடன் மட்டும் பெருகிக்கிட்டே போச்சு. நகர நிர்வாகமும் கடன் வாங்கியிருந்தது. கஜானாவைச் சோதிக்கற நகரமே கடன்காரர்! 1790-ல, இனிமே சுமார் 10% குறைச்சுதான் வெள்ளி தருவோம்னு பேங்க் சொல்லிடுச்சு. இரண்டு நூற்றாண்டு நம்பிக்கை அதோட போச்சு.

ஆக, ரெண்டு பாடம். மிச்சிகன்ல, சோதனை நாள் முன்னாடியே தெரியும். ஆம்ஸ்டர்டாம்ல, பணம் வேண்டப்பட்டவங்களுக்குக் கடனாப் போச்சு, வெளிய யாருக்கும் சொல்லலை. இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டு டெதர் கதைக்கு வாங்க.

2017, செப்டம்பர் 15

டெதர் 2014-ல ஆரம்பிச்சது. பிட்ஃபினெக்ஸ்ங்கிற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் இதுவும் ஒரே நிர்வாகத்தோட கை. 2017-ல டெதருக்குப் பேங்க் கணக்கு கிடைக்கறதே பெரும்பாடா இருந்தது. "உண்மையிலேயே டாலர் இருக்கா?"ங்கிற கேள்வி பெரிசாகவும், ஒரு ஆடிட் நிறுவனத்தை வெச்சு சரிபார்க்கறாங்க.

நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பின்னாடி விசாரிச்சுக் கண்டுபிடிச்சது இது: செப்டம்பர் 15 அன்னிக்குக் காலையில டெதர் ஒரு புதுக் கணக்கைத் திறக்குது. பிட்ஃபினெக்ஸ் கணக்குலேருந்து 38.2 கோடி டாலர் அதுக்குள்ள வருது. அதே நாள் சரிபார்ப்பு நடக்குது. சரிபார்த்தவங்க கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு. அந்த வெள்ளி வண்டியில வந்தது, இந்த டாலர் கம்ப்யூட்டர்ல வந்தது.

அடுத்த வருஷமும் இதே மாதிரி. 2018 நவம்பர் 1-ல, எங்க கணக்குல 180 கோடி டாலருக்கு மேல இருக்குன்னு பேங்க் கடிதத்தை டெதர் வெளியிடுது. மறுநாளே அந்தக் கணக்குலேருந்து பிட்ஃபினெக்ஸுக்குப் பணம் போக ஆரம்பிக்குது. காரணம், பிட்ஃபினெக்ஸோட சுமார் 85 கோடி டாலர், பணப் பரிமாற்றத்துக்கு வெச்சிருந்த ஒரு நிறுவனத்துக்கிட்ட மாட்டிக்கிச்சு. அந்தப் பள்ளத்தை நிரப்ப டெதர் பணம். ஆம்ஸ்டர்டாம் ஞாபகம் வருதா?

2021 பிப்ரவரியில நியூயார்க்கோட 1.85 கோடி டாலருக்கு சமரசம். தப்பு செஞ்சோம்னு கம்பெனிகள் ஒத்துக்கலை. அதே வருஷம் அக்டோபர்ல அமெரிக்க வணிக ஒப்பந்தக் கட்டுப்பாட்டு ஆணையம் டெதருக்கு 4.1 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. 2016-லேருந்து 2018 வரைக்கும் 26 மாசத்தை எடுத்துப் பார்த்ததுல, போதுமான டாலர் கையிருப்பு இருந்தது 27.6% நாட்கள்லதான்னு சொன்னாங்க. நாலு நாள்ல ஒரு நாள்னு வெச்சுக்கோங்க.

அதே மூச்சுல இன்னொண்ணும் சொல்லணும். 2022 மே மாசம், டெரா யூஎஸ்டினு ஒரு ஸ்டேபிள்காயின் சரிஞ்சது. அதுக்குப் பின்னால டாலரே கிடையாது, லூனாங்கிற கூடப்பிறந்த காயின்தான் முட்டுக்கொடுத்தது. ரெண்டும் சேர்ந்து விழுந்துச்சு. அந்தப் பயத்துல டெதரையும் ஜனங்க திருப்பிக் கொடுத்தாங்க. சந்தையில விலை 95 சென்ட் வரைக்கும் போச்சு. ஆனா அந்த வருஷம் 1,000 கோடி டாலருக்கு மேல திருப்பிக் கேட்டப்போ டெதர் கொடுத்துச்சு. மிச்சிகன் பேங்க் எதாலயும் முடியாதது அது. இப்ப டெதரோட கையிருப்புல பெரும்பகுதி அமெரிக்க அரசோட கடன் பத்திரம்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா அறிக்கை வருது. ஆனா அது ஒரு குறிப்பிட்ட தேதியில கணக்கு எப்படி இருந்ததுன்னு சொல்ற சான்று. வருஷம் முழுக்கப் பணம் எங்க போச்சு, வந்ததுன்னு பார்க்கற முழு ஆடிட் இல்லை. பெட்டியைத் திறக்கற நாள் இங்கயும் முன்கூட்டியே தெரிஞ்ச நாள்தான்.

கவுன்ட்டர் யாருக்குத் திறந்திருக்கு?

சரி, பணம் உண்மையாவே இருக்குன்னு வெச்சுக்குவோம். அப்பவும் ஒரு சிக்கல் இருக்கு. 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, சிலிக்கான் வேலி பேங்க் மூடப்படுது. எங்க கையிருப்பு சுமார் 4,000 கோடி டாலர்ல 330 கோடி அங்கதான் இருக்குன்னு சர்க்கிள் சொல்லுது. பத்துல ஒரு பங்குகூட இல்லை. ஆனா சனிக்கிழமை யூஎஸ்டிசி 88 சென்ட்டுக்குக் கீழ போச்சு. ஏன்? பேங்க்குக்கு வாரக்கடைசி லீவு, கிரிப்டோ சந்தைக்கு லீவே இல்லை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், டெபாசிட் எல்லாத்துக்கும் பாதுகாப்பு உண்டுன்னு அமெரிக்க அரசு அறிவிச்ச பிறகுதான் விலை திரும்பிச்சு. சனிக்கிழமை பயந்து வித்தவங்களுக்குப் போனது போனதுதான்.

இன்னொண்ணு. டெதர்கிட்ட நேரா டாலர் வாங்கணும்னா சரிபார்க்கப்பட்ட வாடிக்கையாளரா இருக்கணும், குறைஞ்சது ஒரு லட்சம் டாலர். நம்ம டிசைனருக்கு அந்தக் கவுன்ட்டர் கிடையாது. அவருக்கு இருக்கறது எக்ஸ்சேஞ்சுல இன்னொருத்தருக்கு விக்கிற வழி மட்டும்தான். அன்னிக்கு பேங்க் காட்டுக்குள்ள இருந்தது, இன்னிக்கு விதிமுறைக்குள்ள இருக்கு. நடந்துபோய்ச் சேர முடியாதுங்கிறது மட்டும் மாறலை.

சட்டம் வந்தா?

அமெரிக்கா தனியார் நோட்டுக் குழப்பத்துலேருந்து வெளிய வந்தது 1863, 1864 சட்டங்களாலதான். நோட்டு விடணுமா, ஈடா அரசுக் கடன் பத்திரத்தை வாங்கி அரசுகிட்டயே ஒப்படைச்சுடணும். பெட்டி பேங்க்கோட கவுன்ட்டருக்குக் கீழ இல்லை, அரசோட கையில. அதுக்கப்புறமும் பேங்க் நெருக்கடிகள் வந்தது, ஆனா நோட்டு வெச்சிருந்தவங்க பணம் பத்திரமா இருந்தது.

2025 ஜூலையில ஜீனியஸ் சட்டம் வந்திருக்கு. ஒவ்வொரு டோக்கனுக்கும் டாலரோ குறுகிய கால அரசுப் பத்திரமோ ஈடா வேணும், மாசாமாசம் கையிருப்பு விவரத்தை வெளியிடணும், 5,000 கோடி டாலருக்கு மேல போற கம்பெனிக்கு வருடாந்திர ஆடிட் உண்டு. நல்ல திசைதான். ஆனா பெட்டி இன்னும் கம்பெனி ஏற்பாட்டுலதான் இருக்கு. அதோட, டெதர் 2025 ஜனவரியில தலைமையகத்தை எல் சால்வடாருக்கு மாத்தறதா அறிவிச்சது.

ஆக, என் பதில் இது. பெரிய ஸ்டேபிள்காயின்கள் வெறும் ஆணிப்பெட்டின்னு நான் நினைக்கலை. ஆனா "ஈடு இருக்கா?"ன்னு மட்டும் கேட்டா "இருக்கு"ன்னுதான் பதில் வரும். மிச்சிகன்லயும் அப்படித்தான் சொன்னாங்க. கேட்க வேண்டியது வேற: திறக்கற பெட்டியைத் தேர்ந்தெடுத்தது யார்? பணம் யாருக்காவது கடனாப் போயிருக்கா? நான் போய்க் கேட்டா கவுன்ட்டர் திறக்குமா?

இன்னொரு கணக்கும் பாருங்க. நம்ம பேங்க் டெபாசிட்டுக்கு வட்டி உண்டு, 5 லட்சம் ரூபாய் வரைக்கும் காப்பீடும் உண்டு. ஸ்டேபிள்காயினைச் சும்மா வாலட்ல வெச்சிருந்தா ரெண்டும் இல்லை. உங்க டாலர் சம்பாதிக்கற வட்டி கம்பெனிக்குப் போகுது. 2024-ல மட்டும் 1,300 கோடி டாலருக்கு மேல லாபம்னு டெதரே சொல்லியிருக்கு. லாபம் அவங்களுக்கு, சனிக்கிழமை ராத்திரி பயம் உங்களுக்கு.

பணம் ஒரு ஊர்லேருந்து இன்னொரு ஊருக்குப் போற வழியில ஒரு ராத்திரி தங்கற சத்திரம்னு இதை வெச்சுக்கலாம். ஆறு மாச உழைப்பைக் குடிவைக்கற வீடுன்னு நினைக்காதீங்க. டிசைனர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்.