எம்டன் மூழ்கடித்த கண்காட்சி, மாம்பலத்தில் காணாமல் போன ஏரி

எம்டன் கப்பல் மெட்ராஸ் மேல குண்டு போட்ட கதை தெரிஞ்சிருக்கும்: 1914 செப்டம்பர் 22. அடுத்த மாசமே அது ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. உள்ளே இருந்தது, பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பல வருஷமாகச் சேர்த்த நகர வரைபடங்கள். கவர்னர் பென்ட்லண்ட் அழைத்து, இங்கே கண்காட்சி நடத்த வந்தவர் அவர். மொத்தமும் கடலுக்குள்ள போச்சு. மனுஷன் அசரலை. மறுபடி சேர்த்ததை வெச்சு 1915 ஜனவரியில் செனட் ஹவுஸில் கண்காட்சியை நடத்திட்டார்.

கொள்ளைநோய் வந்தா நெருக்கமான தெருவை இடி, கொசு வந்தா குளத்தைத் தூர்த்துடு. அப்போதைய நிர்வாகத்தின் மருந்து இதுதான். கெடிஸ் சொன்னது வேற. இடிச்சே ஆகணும்கிறதை மட்டும் இடிங்க. குளத்தைத் தூர்க்காதீங்க, மீனும் வாத்தும் விட்டா கொசுப்புழுவை அதுங்க பார்த்துக்கும்.

1920-ல் மெட்ராஸ் நகரத் திட்டச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து நடந்த பெரிய வேலை என்ன தெரியுமா? ஒரு ஏரியை வடிச்சதுதான்.

மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை நீளமா கிடந்த ஏரி. பேரே லாங் டேங்க். 1920-களில் அதன் மாம்பலம் பகுதியில் எழுந்ததுதான் தி.நகர். ‘வெள்ளைக்காரன் பண்ணான்’னு இதை முடிச்சிட முடியாது. அப்போ இரட்டையாட்சி, உள்ளாட்சித் துறை இந்திய அமைச்சர்கள் கையில், ஆட்சியில் நீதிக்கட்சி. நகருக்கு அந்தக் கட்சித் தலைவர் தியாகராயர் பேர், பூங்காவுக்கு முதலமைச்சர் பனகல் ராஜா பேர். ஊர் பெருகுது, வீடு வேணும், காலி இடம்னு கண்ணுக்குப் பட்டது ஏரிதான். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கு. வியூ மட்டும் இல்ல.

எங்க அம்பத்தூர் கதைக்கு வர்றேன். 1856-லேயே ராயபுரம் – வாலாஜா ரோடு ரயில் இந்த வழியாத்தான் போச்சு. ஆனா தொழிற்பேட்டை வந்தது 1960-களில். சுதந்திரம் வந்து பல வருஷம் ஆச்சே, புதுச் சட்டம் இருந்திருக்கும்னு நினைப்பீங்க. இல்லை. அந்த 1920 சட்டம்தான் 1971-ல் புதுச் சட்டம் வர்ற வரைக்கும் ஓடிச்சு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழையில் அந்தத் தொழிற்பேட்டைக்குள்ள வெள்ளம் புகுந்தது.

அம்பத்தூர் ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி கொரட்டூர் ஏரிக்குப் போகணும். போற வழியில இப்போ தெருத்தெருவா வீடுங்க.